நாணலை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் அடர்ந்து வளர்ந்து, பூக்கும் பருவத்தில் வெண்கவரி வீசினாற்போல அசைந்தாடும் நாணலைக் காணாதார் இலர். கண்டும் அதனை ஒரு பொருளாக மதிப்பாரோ மிகச் சிலரே. உழவர் அதனைக் களையென வெறுப்பர். வழிச்செல்வோர் வெறும் புல்லென எண்ணி அப்பாற் செல்வர். அத்தகைய எளிய புல்லினுள்ளே மறைந்து கிடந்த செல்வத்தைக் கண்டறிந்து உலகிற்குக் காட்டிய அறிஞருள் சிறந்தவர் ஜானகி அம்மாள். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலத்தில் பிறந்து, தாவரவியலில் உலகம் போற்றும் நிலையை எய்திய அப்பெருமாட்டியின் வாழ்வு, மாணவர்கள் அறிந்து போற்றத்தக்கதாகும்.

பிறப்பும் கல்வியும்

அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்த மலையாள மாவட்டத்தில் தலைச்சேரி என்னும் கடற்கரை நகர் உள்ளது. அந்நகரில் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் ஜானகி பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன், துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். நீதிமன்ற அலுவல்களுக்கிடையே தோட்டக் கலையிலும் பறவைகளைக் கூர்ந்து நோக்குவதிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. உடன்பிறந்தார் பலர் சூழ்ந்த அக்குடும்பத்தில் வளர்ந்த ஜானகிக்குச் செடிகொடிகளின்பால் இளமையிலேயே பற்று வேரூன்றியதில் வியப்பில்லை.

தலைச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த அவர், சென்னை இராணி மேரி கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று, 1921ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். சென்னைக் கிறித்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியப் பணி அவரை ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் பெண்மக்களுக்குத் திருமணமே வாழ்வின் முடிந்த பயனாகக் கருதப்பட்டது. ஜானகியோ அவ்வழியை விடுத்துக் கல்வியையே தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டார்.

அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் கீழை நாட்டுப் பெண்கள் உயர்கல்வி பெறும் பொருட்டுப் பார்பர் உதவித்தொகை என ஒன்றை வழங்கி வந்தது. அவ்வுதவியைப் பெற்றுக் கடல் கடந்து சென்ற ஜானகி, அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றார். 1931ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார். தாயகம் திரும்பிய பின்னர், 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராசர் அறிவியற் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியராக விளங்கினார். அதன்பின் அவர் கோயம்புத்தூருக்கு வந்தார். அங்கேதான் நாணலுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு தொடங்கிற்று.

நாணலின் இயல்பு

அவர் செய்த ஆராய்ச்சியின் அருமையை உணர வேண்டுமாயின், முதற்கண் நாணலின் இயல்பை அறிதல் வேண்டும். நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் நெடிய பயிரினங்களையெல்லாம் புல் என்றே மக்கள் வழங்குவர். அவற்றுள் கோரையும் சம்பும் புல்லைப்போலத் தோன்றினும் வேறு குடும்பங்களைச் சார்ந்தவை. நாணலும் கொறுக்கையும் உண்மைப் புற்கள். நெல்லும் சோளமும் மூங்கிலும் கரும்புங்கூடப் புற்குடும்பத்தைச் சார்ந்தவையே ஆகும். அவற்றுள்ளும் நாணலும் கரும்பும் மிக நெருங்கிய உறவின. தாவரவியலார் அவை இரண்டையும் ‘சக்காரம்’ என்னும் ஒரே பேரினத்துள் அடக்குவர். கரும்பு வயலில் வாழும் செல்வக் குழந்தை. நாணல் ஆற்றங்கரையில் தானே வளரும் ஏழை உறவினன்.

ஆயினும் அவ்வேழையின் வலிமை பெரிது. நாணலின் தண்டு நிலத்தின்கீழ்ப் பரந்து ஓடிக் கிளைக்கும் இயல்புடையது. வெள்ளம் பெருகி மேற்பகுதி முழுதும் அழிந்தாலும், நீர் வடிந்தபின் நிலத்தடித் தண்டினின்று புதுமுளைகள் கிளர்ந்தெழும். மணல் அரிக்கப்படாதவாறு அதன் வேர்கள் கரையைப் பிணித்து நிற்கும். பஞ்சு போன்ற மயிரிழைகள் சூழ்ந்த அதன் விதைகள் காற்றில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். ஆற்றினிடையே வெள்ளம் புதிதாகக் குவித்த மணல்திட்டில் முதன்முதற் குடியேறும் பயிர்களுள் நாணலும் ஒன்று. அது வேரூன்றி மண்ணை நிலைபெறச் செய்த பின்னரே பிற செடிகளும் மரங்களும் அங்கே கால்கொள்ளும். தூக்கணாங்குருவி இத்தகைய நெடும்புற்களின் இலைகளை நார்நாராகக் கிழித்துக் கூடு பின்னுகிறது. பிரமபுத்திரா ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வாழும் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்திற்கு நாணல் உணவாகவும் மறைவிடமாகவும் பயன்படுகிறது. ஆதலின், நாணல் வாழும் இடத்தில் அதனைச் சார்ந்து பல்லுயிரும் வாழ்கின்றன என்பது தெளிவு.

கரும்பும் நாணலும் கலந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஇந்திய உழவர் பயிரிட்ட கரும்பு, கோல்போல் மெலிந்து சாறு குறைந்ததாக இருந்தது. தென்னாட்டுக் கரும்போ பருத்து இனிமை மிக்கது. எனினும் வடநாட்டின் கடுங்குளிரையும் வறட்சியையும் அது தாங்காது. நோய்களுக்கும் எளிதில் இரையாகும். அந்நாளில் இந்தியா தனக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதியைச் சாவகத் தீவிலிருந்து இறக்குமதி செய்து வந்தது. இக்குறையை நீக்கும் பொருட்டு 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. கரும்பு நன்கு பூத்து விதை கொள்ளுதற்கு ஏற்ற தட்பவெப்பம் அவ்வூரில் அமைந்திருந்தமையே அதற்குக் காரணம்.

அந்நிலையத்தில் பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞரும், அவருக்குத் துணையாய் அமைந்து பின்னர் நிலையத்தின் தலைமையை ஏற்ற வேங்கடராமனும் அரியதொரு முயற்சியை மேற்கொண்டனர். ‘வெள்ளை’ என்னும் இனிய கரும்பின் பூவில் கோயம்புத்தூர் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். அக்கலப்பிற் பிறந்ததே ‘கோ 205’ என்னும் கரும்பு. 1918ஆம் ஆண்டில் அது பஞ்சாப் பகுதி உழவர்களுக்கு வழங்கப்பெற்றது. தாயின் இனிமையும் தந்தையின் வலிமையும் ஒருங்கே பெற்ற அக்கரும்பு வடநாட்டு வயல்களில் செழித்தது. களையென வெறுக்கப்பட்ட நாணல், உழவர் குடிகளுக்கு வாழ்வளிக்கும் துணையாயிற்று.

ஆயினும் இவ்வெற்றியின் உள்ளமைப்பு முழுதும் விளங்கியதில்லை. ஒரு நாணலோடு கலந்தால் நற்கரும்பு தோன்றுகிறது. மற்றொரு நாணலோடு கலந்தால் தோன்றுவதில்லை. இதன் காரணம் யாது? நாணல் என்பது ஒன்றா, பலவா? இவ்வினாக்களுக்கு விடை காணவல்ல ஓர் உயிரணுவியல் அறிஞர் அந்நிலையத்திற்குத் தேவைப்பட்டார். 1934ஆம் ஆண்டில் ஜானகி அம்மாள் அப்பணியை ஏற்றார்.

கோவையில் ஆராய்ச்சி

உயிர்களின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் நூலிழை போன்ற நுண்பொருள்கள் உள்ளன. அவற்றைக் குரோமோசோம்கள் என்பர். பெற்றோரின் பண்புகளை மக்கட்குக் கொண்டுசெல்பவை அவையே. அவற்றின் எண்ணிக்கை ஓர் இனத்துக்கு இவ்வளவென்று பெரும்பாலும் வரையறுக்கப்பட்டிருக்கும். மனிதருக்கு அது 46, நெல்லுக்கு 24.

இக்குரோமோசோம்களை எண்ணுதல் எளிய செயலன்று. செடியின் இளவேர் நுனியைக் கொய்து, உரிய நீர்மங்களில் இட்டுப் பதப்படுத்தி, கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். உயிரணு பிளவுறும் தருணத்திலேயே குரோமோசோம்கள் தெளிவாகத் தோன்றும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் அந்நுண்ணிழைகளைப் பிழையின்றி எண்ணுதற்குக் கண்ணின் கூர்மையினும் உள்ளத்தின் பொறுமையே மிகுதியும் வேண்டும். அப்பொறுமை ஜானகி அம்மாளிடம் நிறைந்திருந்தது.

இந்தியாவின் பல பகுதிகளிலும் வளர்ந்த நாணல்களை அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். புறத்தோற்றத்தில் ஓரளவு ஒத்திருந்த அவை, உட்கருவில் பெரிதும் வேறுபட்டிருந்தன. ஓரிடத்து நாணலில் இருந்த குரோமோசோம்களின் எண்ணிக்கை மற்றோரிடத்து நாணலில் இல்லை. இந்திய நாணல் வடிவங்களின் குரோமோசோம்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை 1936ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்வந்த அறிஞர்களின் ஆராய்ச்சிகளையும் சேர்த்து நோக்குங்கால், நாணலில் குரோமோசோம்களின் எண்ணிக்கை 40 முதல் 128 வரை பல படிகளாக அமைந்துள்ளமை இன்று புலனாகிறது. ஒரே பெயர் கொண்ட புல் ஒன்றினுள் இத்துணை வேறுபாடு அமைந்திருத்தல் மிகவும் அரிது.

இவ்வேறுபாட்டால் விளையும் பயன் யாதெனின், வெவ்வேறு நாணல்கள் வெவ்வேறு நிலங்களுக்கும் இடர்களுக்கும் ஏற்றவாறு பழகியுள்ளன என்பதாம். ஒன்று வெள்ளத்தைத் தாங்கும்; ஒன்று வறட்சியைத் தாங்கும்; மற்றொன்று கரும்பைக் கெடுக்கும் செவ்வழுகல் நோயை எதிர்த்து நிற்கும். எந்த ஆற்றங்கரையில் எந்த நற்பண்பு மறைந்துள்ளதென முன்கூட்டி அறிதல் இயலாது. ஆதலின் ஒவ்வொரு வகையும் காக்கத்தக்கதே.

குரோமோசோம்களை எண்ணுவதால் கரும்பு வளர்ப்பில் விளங்கும் உண்மைக்குக் கோ 205 நல்ல சான்றாகும். தாயாகிய வெள்ளைக் கரும்பில் 80 குரோமோசோம்களும், தந்தையாகிய கோயம்புத்தூர் நாணலில் 64 குரோமோசோம்களும் உள்ளன. பொதுவாகப் பிள்ளை தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் பெறும். அவ்விதிப்படி 40உம் 32உம் சேர்ந்து 72 ஆதல் வேண்டும். ஆனால் கோ 205 கரும்பில் இருப்பவை 112. தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுமையாகக் கொடுத்துவிட, தந்தை மட்டும் பாதியைக் கொடுத்தமையே இதற்குக் காரணம். வலிய நாணலோடு கலந்தும் கரும்பின் இனிமை குன்றாமைக்கு இவ்வியல்பு பெருந்துணையாகும்.

ஜானகி அம்மாள் இவ்வளவில் நின்றாரல்லர். கரும்பை மக்காச்சோளத்தோடும், சோளத்தோடும், தருப்பை இனப் புல்லோடும், எரியாந்தசு என்னும் நெடும்புல்லோடும் கலந்து கலப்பினங்களைத் தோற்றுவித்தார். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செய்தி 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்வாய்ந்த ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு உருவோடு வளரும் இப்புற்கள் யாவும் தம்முள் உறவுடையவை என்பதை அக்கலப்புகள் தெளிவாக்கின. இதற்கு முன்பே, 1935ஆம் ஆண்டில், சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்திருந்தது.

கடல் கடந்த பணி

அறிவில் சிறந்திருந்தும் அவருக்கு இடையூறுகள் இல்லாமற் போகவில்லை. ஆண்களே நிறைந்திருந்த ஆராய்ச்சி உலகில் அவர் மணமாகாத தனிப்பெண்ணாக இருந்தார். பிற்பட்டதென அக்காலச் சமுதாயம் ஒதுக்கிய வகுப்பில் பிறந்தவராகவும் இருந்தார். அவர் உழைப்புக்கு உரிய மதிப்பு எளிதில் கிட்டவில்லை. எனினும் அவர் எவரையும் பழித்துப் பொழுதைக் கழித்தாரல்லர். பணியையே விடையாகத் தந்தார்.

1939ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக மரபியல் மாநாட்டிற்கு அவர் சென்றிருந்த காலத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, இலண்டனில் இருந்த சான் இன்னசு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 1940 முதல் 1945 வரை பணியாற்றினார். இரவில் வானூர்திகள் குண்டு பொழியக் கட்டிலின்கீழ்ப் புகுந்து உயிர்காத்து, விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளை அகற்றிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார் என்பர். அவரும் டார்லிங்டன் என்னும் பேரறிஞரும் இணைந்து எழுதிய, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் விளக்கநூல் 1945ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகிற் பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துரைக்கும் அந்நூல் தாவரவியலார்க்குக் கைவிளக்காயிற்று. பின்னர் விசிலித் தோட்டத்தில் அவர் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். வெண்மலர் பூக்கும் மக்னோலியா ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாயகம் அழைத்தது

1951ஆம் ஆண்டில், இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்க வருமாறு தலைமை அமைச்சர் நேரு அழைக்க, அவர் நாடு திரும்பினார். அலகாபாத்தில் அமைந்த மையத் தாவரவியல் ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அக்காலத்தில் உணவுப் பெருக்கத்தின் பொருட்டுக் காடுகளும் புல்வெளிகளும் விரைந்து அழிக்கப்படுவதை அவர் நேரிற் கண்டார். அசாம் பகுதியில் ஓர் அரிய மக்னோலியா மரத்தைக் காண விரும்பி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். அப்பகுதியில் அவ்வகையில் எஞ்சியிருந்தது அம்மரம் ஒன்றே. அவர் சென்றடைந்தபோது அது தீக்கிரையாகி அழிந்திருந்தது. ஒரு மரம் எரிந்ததோடு அதன் உயிரணுக்களில் பொதிந்திருந்த நெடுங்கால வரலாறும் எரிந்து போயிற்று என்பதை அவரினும் நன்கு உணரவல்லார் யாவர்?

1955ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிரின்சுடன் நகரில், மனிதனால் நிலவுலகம் அடைந்த மாறுதல்களை ஆராயும் பேரவை கூடிற்று. அதற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண் அறிஞர் ஜானகி அம்மாளே. இந்திய மக்கள் தம் சூழலிலுள்ள தாவரங்களைச் சார்ந்து வாழும் முறையை அவர் அங்கே எடுத்துரைத்தார்.

அமைதிப் பள்ளத்தாக்கு

காந்தியடிகளின் எளிமையைப் பின்பற்றி வாழ்ந்த அவர், 1970ஆம் ஆண்டு முதல் சென்னையில் தங்கிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சார்ந்து, மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்தார். 1977ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது அவரைத் தேடி வந்தது.

அந்நாளில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்னாற்றல் பெறும் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அணை எழுந்தால் தொன்மையான மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். மின்னாற்றலும் நாட்டிற்குத் தேவையே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் அணையை வேறிடத்தில் கட்டலாம். அழிந்த இனத்தை எவராலும் மீட்டல் இயலாது. எண்பது அகவையைத் தாண்டிய ஜானகி அம்மாள், காட்டைக் காக்க எழுந்த மக்களோடு தாமும் சேர்ந்தார். நீர் வந்து மூடுமுன் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவுசெய்யவும் உறுதிபூண்டார். இளமையில் நாணலின் வேர்நுனியில் கற்ற பாடத்தையே முதுமையிற் காடு முழுதிற்கும் உரியதாக்கினார் எனலாம்.

மக்களின் கருத்திற்கு இணங்கி அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜானகி அம்மாள் 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் மதுரவாயலில் இயற்கை எய்தினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அச்செய்தியைக் கேட்க அவர் இல்லை. எனினும் அவர் காக்க விரும்பிய காடு இன்றும் பசுமையோடு நிற்கிறது.

முடிவுரை

கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தின் கிளையொன்று கண்ணூரில் உள்ளது. பல நாடுகளிலிருந்தும் திரட்டிய கரும்பு வகைகளும் அவற்றின் காட்டு உறவுகளும் அங்கே பேணி வளர்க்கப்படுகின்றன. அம்மையார் பிறந்த தலைச்சேரி அதற்கு அண்மையிலேயே உள்ளது. ஆனால் வயலில் வைத்துக் காக்கப்படுவன சிலவே. ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் தாமே வளர்ந்து நாள்தோறும் புதிய சூழலுக்குப் பழகுவன பல. ஏரியைத் தூர்த்தும், ஆற்று மணலை அள்ளியும், கரையை இடித்தும் அவற்றை அழிப்போமாயின், நாளை நம் கரும்பைப் புதுநோய் தாக்குங்கால் துணைக்கு அழைக்க உறவினர் எவரும் இரார்.

நாம் நாள்தோறும் உண்ணும் சர்க்கரையில் ஆற்றங்கரைப் புல்லின் வலிமையும் கலந்துள்ளது. இனி நாணற்புதர் அருகே செல்லுங்கால் மாணவர்கள் சற்றே நின்று அதனை நோக்குவார்களாக. எளிய புல்லையும் இகழாது ஆராய்ந்த பேரறிவும், இடையூறு கண்டு தளராத உறுதியும், முதுமையிலும் நாட்டின் இயற்கைச் செல்வத்தைக் காக்க முன்வந்த கடமையுணர்வும் ஜானகி அம்மாள் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்களாகும்.